மேசைக்கு அடியில் இன்னொரு குழாய்

உன் மகன் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் குட்டி டிரெய்லரை ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். பின்னால் சுண்ணாம்புக்கல் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி நிற்க, அரியலூர் ரோட்டை அடைத்து, நிதானமாக ரிவர்ஸ் எடுத்து ஷெட்டுக்குள் விட்டான். உன்னைப் போலத்தான் ஓட்டுகிறான். பின்னால் யார் கத்தினாலும் காதில் வாங்குவதில்லை.

கதவைத் திறந்ததும் பத்து மாதமாகப் பூட்டி வைத்திருந்த வாடை முகத்தில் அடித்தது. பிளைவுட், கிரீஸ், கொஞ்சம் கற்பூரம். அதற்கெல்லாம் அடியில் தீய்ந்த பால். ஆறு வருஷத்துக்கு முந்திய பால் இன்னுமா நாறும் என்று நீ கேட்பாய். அடுப்புத் தட்டின் ஓரத்தில் கறை பழுப்பாக அப்படியேதான் இருக்கிறது. வாடை என் மூக்கில் இருக்கிறதோ என்னவோ.

"டேபிள் ஆடுதுண்ணே. சாப்புடறப்ப தட்டு அது பாட்டுக்கு நகந்து போவுது. லீவுக்குப் பசங்களக் கூட்டிக்கிட்டு ஒகேனக்கல் போலாம்னு இருக்கோம், அதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க" என்றான். மேசையைத் தானே கழற்றித் தூக்கிவந்து என் வேலைப் பலகைமேல் குப்புறப் போட்டான். அடியில் இரண்டு குழாய்த் துண்டுகள். ஒன்று ஓரத்தில், ஒன்று நட்டநடுவில். ஓரத்துக் குழாயில் கால் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பெயின்ட் எல்லாம் போய், வெறும் இரும்பு பளபளவென்று தேய்ந்து, வாய் அகன்றுவிட்டிருந்தது. ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். நடுக் குழாயில் நான் அடித்த பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது.

அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு உன் மகன் கேட்டான்: "ஓரத்துல இருக்கறதுலதான கால் மாட்டுறோம். நடுவுல இன்னொன்னு வச்சிருக்கீங்களே, இது எதுக்குண்ணே?"

அவனுக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷமாக லீவு கிடைத்தபோதெல்லாம் உன்னோடு அந்த வண்டியில் ஊர் ஊராகப் போனவன் அவன். அந்தக் குழாய் எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை. "பாத்துட்டுச் சொல்றேன் தம்பி" என்றேன். அவன் போனபின் மேசையின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவனுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கோபமும் இதில் சேர்ந்துதான் இருக்கிறது.

இந்த மடல் முழுக்க உன்னை 'நீ' என்றுதான் எழுதப்போகிறேன். எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு நீ 'டா'. ஆனால் உங்கள் தெருவுக்குள் கால் வைத்தால் 'டா' கழன்று 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். "என்னங்க, மோட்டார் ஓடுதுங்களா?" என்று உன்னைப் பார்த்தே கேட்டிருக்கிறேன். நீயும் முகத்தை வைத்துக்கொண்டு "ஓடுது, ஓடுது" என்பாய். தெரு முடிந்து கரும்புக் கொல்லைக்குள் இறங்கியதும் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அப்போது அது நல்ல வேடிக்கையாக இருந்தது. அந்த வேடிக்கைக்கு ஒவ்வொரு தடவையும் வேஷம் கட்டியவன் நான் மட்டும்தான் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது.

உன் அப்பாவின் நிலத்தில் என் அப்பா கரும்பு வெட்டினார். காலனியில் எங்களுக்கு இருந்தது ஒற்றை அறை வீடு. நான் வெல்டிங் கற்றுக்கொண்டு பெரம்பலூரில் பட்டறை போட்டேன். எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிரெய்லர்களில் பாதி என் ஷெட்டில் படுத்து எழுந்து போனவைதான். உன் வீட்டு வாசல் கேட், மாடிப்படிக் கைப்பிடி, பூஜை அறையின் கிரில் கதவு எல்லாம் என் கை வேலை. கதவை மாட்ட உள்ளே வரலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, பூஜை அறை வாசலிலேயே மண்டியிட்டு, சாமியின் முகத்துக்கு நேராகத் துளை போட்டிருக்கிறேன். மாட்டி முடித்ததும் எனக்குச் சாப்பாடு மோட்டார் கொட்டகைக்கு வந்துவிடும்.

நீ அப்படியில்லை. என் வீட்டில் அடுப்படி வரைக்கும் வருவாய். என் மனைவி வைக்கும் கருவாட்டுக் குழம்பை, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, சட்டியோடு வழித்துச் சாப்பிடுவாய். "ஒங்க வூட்டுக் கொழம்புக்காகவே இன்னொரு பொறப்பு எடுக்கலாம்டா" என்பாய். என் வீட்டில் உனக்குத் தீட்டு இல்லை, உன் வீட்டில் எனக்குத்தான் தீட்டு. இந்தக் கணக்கு என்னடா என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "எங்கப்பா இருக்கற வரைக்கும் பொறுத்துக்கடா" என்றாய். உன் அப்பா போனார். "அம்மா இருக்கற வரைக்கும்டா, வயசானவங்க" என்றாய். அம்மாவும் போனார்கள். அதற்கப்புறம் நீ யார் பேரையும் சொல்லவில்லை. அடுத்து யார் இருக்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு வேளைச் சாப்பாடு. உன் கூரைக்குக் கீழே, உன் எதிரில் உட்கார்ந்து, உன் வீட்டுத் தட்டில். அவ்வளவுதான். சொல்லும்போது சின்னதாகத்தான் இருக்கிறது. நாற்பது வருஷம் அதற்காகக் காத்திருந்தவனுக்குத்தான் அதன் அளவு தெரியும்.

அப்புறம்தான் ஒரு நாள் செல்போனைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடிவந்தாய். எந்த நாட்டிலோ ஒருத்தன் காருக்குப் பின்னால் குட்டி வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், காட்டில் நிறுத்தி, காபி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தான். "இது மாதிரி ஒண்ணு செய்யிடா. ரெண்டு குடும்பமும் ஒண்ணாப் போலாம். ஓட்டலும் வேணாம், லாட்ஜும் வேணாம்" என்றாய். நான் வீடியோவைப் பார்த்துக்கொண்டே, "உள்ள உக்காந்து சாப்புடற மாதிரியா?" என்றேன். நான் எதைக் கேட்கிறேன் என்று உனக்குப் புரிந்தது. போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என் தோளில் கை வைத்தாய்.

"இது வண்டிடா. வூடு இல்ல. வண்டில என்னடா சட்டம்? பஸ்ஸுல பக்கத்துல பக்கத்துல உக்காந்து போறதில்லையா?"

நான் நம்பினேன். முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். இரும்பை நம்புகிற மாதிரிதான் உன் வாயையும் நம்பினேன்.

எட்டடி நீளம், ஐந்தரை அடி அகலம். பழைய தண்ணீர் டேங்கர் ஒன்றின் அச்சை வாங்கி அறுத்து, அடிச்சட்டம் கட்டி, மேலே தகரமும் உள்ளே பிளைவுட்டும் அடித்தேன். மழைச்சாரல் இறங்காத ஜன்னல் இரண்டு. இரு பக்கமும் உட்கார்ந்தால் பெஞ்சு, படுத்தால் கட்டில். மற்றதையெல்லாம் டேப் வைத்து அளந்தேன். மேசையை மட்டும் அப்படி அளக்கவில்லை. என் வீட்டிலிருந்து நான்கு எவர்சில்வர் தட்டும் நான்கு டம்ளரும் எடுத்து வந்து பிளைவுட் பலகையின் மேல் வைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் நீயும் உன் மனைவியும், அந்தப் பக்கம் நானும் என் மனைவியும். நடுவில் குழம்புச் சட்டி. தட்டும் தட்டும் இடிக்காமல், முழங்கையும் முழங்கையும் இடிக்காமல், பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அறுத்தேன். மூன்றடிக்கு இரண்டேகால் அடி வந்தது. அந்த மேசையின் அளவு அப்படி வந்ததுதான். அதை முன் சுவரோடு சேர்த்து, அடியில் இரும்புக் கால் வைத்து, தரையோடு வெல்டு வைத்துவிட்டேன். யாராலும் அசைக்க முடியாது.

ஒரு வாரம் கழித்து உன் மனைவியை அழைத்து வந்து காட்டினாய். அவர்கள் உள்ளே ஏறி, ஜன்னலைத் திறந்து மூடி, பெஞ்சில் உட்கார்ந்து, மேசைமேல் கையை வைத்துப் பார்த்தார்கள். "நாலு பேருக்கா?" என்று கேட்டார்கள். மறுநாள் நீ தனியாக வந்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய். டிராக்டர் டயரைப் பற்றிப் பேசினாய். ஆலையில் கரும்பு இறக்கக் காத்துக் கிடந்ததைப் பற்றிப் பேசினாய். கிளம்பும்போது, மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரி, "அந்த டேபிளக் கழட்டற மாதிரி பண்ணிடேன்டா" என்றாய்.

"ஏன், படுக்க எடம் பத்தாதா?"

"படுக்கவும் ஆச்சு. வெளியிலயும் தூக்கிப் போட்டுக்கலாம் பாரு. மரத்தடியில, காத்தோட்டமா. உள்ள புழுங்கும்டா."

எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் சந்தோஷம். வெல்டு வைப்பது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை. ஒரே மேசை உள்ளேயும் நிற்க வேண்டும், வெளியேயும் நிற்க வேண்டும், ஒரு ஆள் ஒற்றைக் கையில் கழற்ற வேண்டும் என்றால், அது மூளையைக் கேட்கிற வேலை. கிரைண்டரை எடுத்து, தரையோடு வைத்த வெல்டை அன்றே அறுத்தேன்.

உள்ளே சுலபம். மேசையின் ஒரு முனை சுவரில் பட்டையின் மேல் உட்காரும், மறு முனைக்கு ஒரு கால் போதும். அதற்குத்தான் ஓரத்துக் குழாய். வெளியே சுவர் ஏது? ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமென்றால் கால் நட்டநடுவில் வர வேண்டும். அதற்காக இரண்டாவது குழாய். கால் மண்ணில் புதையாமல் நிற்க அடியில் கனமாக ஏதாவது வேண்டும். மரக்கட்டை வைத்தேன், ஆடியது. முக்காலி மாதிரி செய்தேன், மேட்டில் சாய்ந்தது. கடைசியில் தேய்ந்துபோன டிஸ்க் கலப்பைத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் உச்சியில் குழாயை வைத்து வெல்டு அடித்தேன். விளிம்பு மண்ணைக் கடித்துக்கொண்டு நின்றது. மேசைமேல் தளும்பத் தளும்பத் தண்ணீர்ச் சொம்பை வைத்து ஓரத்தை அழுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. உனக்குப் போன் போட்டு, "வந்து பாருடா, பாறையாட்டம் நிக்குது" என்று கத்தினேன். உள்ளே நிற்பதற்கு அரை நாள் வேலை. வெளியே நிற்பதற்கு ஆறு நாள் உழைத்தேன். என்னை வெளியே உட்கார வைப்பதற்கான ஏற்பாட்டை ஆறு நாள், அவ்வளவு அக்கறையாக, நானே செய்துகொடுத்தேன்.

வண்டி கிளம்புகிற அன்று காலையில், "மொதமொத போறோம், ஒரு பால் காய்ச்சிடலாம்" என்று உன் மனைவி சொன்னார்கள். அதில் உங்கள் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பாலே நான்தான் டவுனிலிருந்து வாங்கி வந்தேன். பாக்கெட் பாலுக்குத் தீட்டு இல்லை. மஞ்சள் குங்குமம் வைத்து, முருகன் படத்தை ஜன்னலுக்கு மேல் ஆணியில் மாட்டி, நான் பொருத்திய அடுப்பில் பால் வைத்தார்கள். நானும் என் மனைவியும் வாசலருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பால் பொங்கி அடுப்புத் தட்டில் வழிந்தது. எல்லாரும் கை கூப்பினோம். நான்தான் எல்லாரையும்விட உரக்க "பொங்கிருச்சு" என்றேன்.

"பால் பொங்கியாச்சு, சாமி வந்தாச்சு. இனிமே இதுவும் நம்ம வூடுதான்" என்றார்கள் உன் மனைவி. மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இல்லை. நல்ல நாளில் பெண்கள் சொல்வதுதான். உன்னைப் பார்த்தேன். நீ டயரில் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வண்டியில் சட்டம் இல்லை என்றாய். ஒரு பாக்கெட் பாலைக் காய்ச்சி அதை வீடாக்கிவிட்டீர்கள்.

அன்று செட்டிகுளம் போனோம். கையில் கரும்போடு நிற்கிற முருகனைப் பார்த்துவிட்டு மலையிறங்கியபோது உச்சி வெயில். பசி. நான் வண்டிக்குள் ஏறக் கால் வைத்தேன். நீ உள்ளேயிருந்து மேசையைக் கழற்றி என் கையில் கொடுத்தாய். "மரத்தடியில போடு, காத்து நல்லா வருது." போட்டேன். நானும் என் மனைவியும் உட்கார்ந்தோம். நீயும் வந்து எதிரில் உட்கார்ந்தாய். உன் மனைவிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று அவர்கள் உள்ளேயே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நீ எங்களோடு உட்கார்ந்தாயே, அதுவே எனக்குப் போதும் என்றிருந்தது. வழியெல்லாம் அந்தச் சந்தோஷத்தில்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, தட்டப் பாத்தீங்களா?"

"என்ன தட்டு?"

"அவரு எவர்சில்வர் தட்டுல சாப்ட்டாரு. நமக்குப் பாக்கு மட்டத் தட்டு. சாப்ட்டு முடிச்சதும் ரெண்டையும் ஓரமாப் போடச் சொன்னாங்க."

"கழுவுற வேலை மிச்சம்னு குடுத்திருப்பாங்க. எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்காத."

அவள் என்னோடு சண்டைக்கு வரவில்லை. "வெயிலுக்கு மரத்தடி சரி. மழ வரட்டும், அப்பத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

மழை ஐப்பசியில் வந்தது. கரைவெட்டி ஏரிக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று நீ கூப்பிட்டாய். என் மனைவி வரவில்லை. நீங்கள் இரண்டு பேர், நான் ஒருத்தன். ஏரிக்கரையில் மேசையைப் போட்டேன். தட்டு, தூக்குப்பாத்திரம், தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்தாய். அன்றைக்கும் நீ என் எதிரில் உட்கார்ந்தாய். இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம், மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. நீ தட்டை எடுத்துக்கொண்டு ஓடி உள்ளே ஏறினாய். வாசலில் நின்று கையை நீட்டினாய்.

"டேபிளத் தூக்கி உள்ள குடுடா! பிளைவுட்டு, நனைஞ்சா ஊறிரும்!"

தூக்கிக் கொடுத்தேன். காலை உருவி, பலகையைச் சாய்த்து, ஒற்றைக் கையில். நான் செய்தது அல்லவா, ஒரு நொடியில் கழன்றது. நீ வாங்கி உள்ளே சுவரில் மாட்டினாய். கால் ஓரத்துக் குழாயில் இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மழைச் சத்தத்துக்குள்ளும் அது எனக்குக் கேட்டது. வாசல் படியில் ஒரு கால் வைத்து நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். திரும்பி உன் மனைவியைப் பார்த்தாய். அவர்கள் முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். உன்னைப் பார்க்கவில்லை.

"நீ ஜீப்புல ஏறிக்கடா. சோத்த அங்க குடுத்துடறேன்" என்றாய்.

மேசை நனையக்கூடாது என்று உனக்குத் தெரிந்தது. ஜீப்பில் உட்கார்ந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வண்டியின் முன் ஜன்னலில் உங்கள் இரண்டு பேரின் தலையும், நடுவில் என் மேசையும் தெரிந்தன. குடை பிடித்துக்கொண்டு பாக்கு மட்டைத் தட்டில் சோறு கொண்டுவந்தாய். நிறையத்தான் வைத்திருந்தாய். எனக்குப் பிடிக்கும் என்று வறுவலைக் கூடுதலாக வைத்திருந்தாய். "கோச்சுக்காதடா" என்றாய். மடியில் வைத்துச் சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்திருக்கலாம். பசித்தது, சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

திரும்பி வந்ததும் அந்தக் கலப்பைத் தட்டை மட்டும் வண்டியிலிருந்து இறக்கினேன். "வெல்டு வுட்டிருக்கு, சரி பண்ணித் தரேன்" என்றேன். வெல்டு விடவில்லை. உனக்கும் அது தெரியும், டிராக்டரோடு பிறந்து வளர்ந்தவன் நீ. அந்தத் தட்டு இல்லாமல் மேசையை வெளியே போட முடியாது. இனி என்னைக் கூப்பிடுவதென்றால் உள்ளே கூப்பிட வேண்டும், இல்லையென்றால் கூப்பிடக்கூடாது. பந்தை உன் பக்கம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

நீ கூப்பிடவில்லை. ஐந்து வருஷம். கொல்லிமலைக்குப் போனாய், ராமேஸ்வரம் போனாய், உன் சம்பந்தி வீட்டாரோடு வேளாங்கண்ணி வரைக்கும் போய் வந்தாய். போகுமுன் டயரைக் காட்ட, கிரீஸ் வைக்க, என் பட்டறைக்குத்தான் வருவாய். "போயிட்டு வரேன்டா" என்று கை காட்டுவாய். ஒரே ஒரு தடவை, போன வருஷம், டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தாய்.

"அந்தத் தட்டு…"

"இன்னும் வெல்டு வைக்கல" என்றேன்.

நீ என் காலடியைப் பார்த்தாய். கலப்பைத் தட்டு அங்கேதான் கிடந்தது, என் ஸ்டாண்ட் ஃபேனுக்கு அடித்தாங்கலாக. "பரவால்லடா, அவசரமில்ல" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனாய்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "என்னால முடியலடா" என்று சொல்லியிருந்தால்கூட உன்னை மன்னித்திருப்பேன். அன்றைக்கு நானாவது உன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் எட்டாம் வகுப்பிலிருந்து இருந்ததெல்லாம் போய்விடுமோ என்று பயந்தேன். அப்படியே இருந்து என்னத்தைக் காப்பாற்றினேன் என்று தெரியவில்லை. ஒரு நாள் காலையில் கொல்லையில் மடை திருப்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எழுந்திருக்கவில்லை. அவசரமில்லை என்று சொன்னவன் நீதான்.

உன் சாவுக்கு வந்தேன். தெருவில் நின்றேன். நான் செய்த கேட்டைத் திறந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அதன் கீல் கிறீச்சிட்டது. எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்தேன். அழுகை வருவதற்கு முன்னால் அந்த நினைப்புதான் வந்தது. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு ஆள் விட்டுச் சொன்னார்கள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. எல்லாரும் வெளியில்தான் சாப்பிட்டார்கள். காத்தோட்டமாகத்தான் இருந்தது. நான் கை நனைக்காமல் வந்துவிட்டேன்.

நேற்று ஓரத்துக் குழாயை அறுத்தெடுத்துவிட்டுப் புதிது போட்டேன். மேசையின் ஆட்டம் நின்றது. பிறகு உன் மகனுக்குப் போன் செய்தேன்.

"தம்பி, நடுக் கொழா எதுக்குன்னு கேட்டீங்கல்ல. அது நான் உக்காந்து சாப்புடறதுக்கு. ஒங்க அப்பா வைக்கச் சொன்னது."

அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரிந்திருந்தால் என்ன சொல்வான் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒங்களுக்குன்னு தனியாவா வச்சாரு? அப்பாவுக்கு ஒங்க மேல அவ்ளோ பாசம்ணே" என்றான். அப்புறம், "ஆனா உள்ள உக்காந்தா அது முட்டியில இடிக்குதுண்ணே. எடுத்துடலாங்களா?"

"எடுத்துடலாம் தம்பி" என்றேன்.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாசம் என்றானே, அதில் பொய்யும் இல்லை. பாசம் இருந்தது. வறுவலைக் கூடுதலாக வைத்தாயே. நீ கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு தடவை காறித் துப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நல்லவனாக இருந்தாய். நல்லவனாகவே இருந்து, நாற்பது வருஷம் என்னை வாசலில் நிறுத்தினாய்.

நடுக் குழாயை அறுத்தேன். பச்சைப் பெயின்ட் தீய்கிற வாடை. மூன்று விரல் நீளத் துண்டு. உள்பக்கம் பார்த்தால், பெயின்ட் அடித்தபின் கால் இறங்கிய தடம் இரண்டே இரண்டு கீறலாக இருக்கிறது. ஒன்று செட்டிகுளம், ஒன்று கரைவெட்டி. அதை டூல் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பாசத்தினால் என்று நீயும் நினைத்துவிடாதே. மறந்துவிடக்கூடாது என்றுதான்.

இன்று மத்தியானம், உன் மகன் வந்து வண்டியை எடுத்துப் போவதற்கு முன்னால், ஷெட் ஷட்டரைப் பாதி இறக்கினேன். மேசையைத் தூக்கி உள்ளே மாட்டினேன். 'டக்' என்றது. கை கழுவிக்கொண்டு என் சாப்பாட்டுத் தூக்கோடும் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டோடும் ஏறினேன். அன்று பென்சிலால் கோடு போட்டபோது எனக்கென்று வைத்த இடத்தில், முருகன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்தேன். கருவாட்டுக் குழம்புதான். எதிரில் நீ உட்கார வேண்டிய இடம் வெறும் பெஞ்சாக இருந்தது.

நீ சொன்னது உண்மைதான். உள்ளே புழுங்கியது. தகரக் கூரை காய்ந்து, நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து தட்டில் சொட்டியது. வெளியே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கலப்பைத் தட்டின் மேல் நின்றுகொண்டு, அத்தனை காற்றையும் காலி ஸ்டூலுக்கு வீசிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் வெளியே வரவில்லை.